பொழுதோடு உண்ணும் ஊர்

மணி நாலு ஆகவில்லை, தெருவில் தாளிக்கும் வாசனை வந்துவிட்டது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுத்த வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் அவசரமாகவே. காலையில் பெய்த மழையின் ஈரம் தெருவில் இன்னும் காயவில்லை. கார்த்திகை இரண்டாவது வாரம். மேல்சித்தாமூரில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீடுகளில் நாளின் கடைசிச் சாப்பாடு இந்நேரத்துக்குத்தான் அடுப்பேறுகிறது.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற வழியில் இறங்கி, உள்சாலையைப் பிடித்து வந்தால் இந்த ஊர். இருபுறமும் நெல் வயல், நடுநடுவே பாறைக் குன்றுகள். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுத் திகம்பர சமணர்களுக்குத் தலைமையான மடம், ஜினகாஞ்சி மடம், இங்கேதான் இருக்கிறது. காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த பீடம் பிற்காலத்தில் இங்கே வந்து நிலைத்தது என்பது மரபு. மடத்தின் தலைவர்கள் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரோடு விளங்குகிறார்கள். இத்தனை பெருமை இருந்தும், பிரதான சாலையை விட்டு விலகிய சின்ன ஊர் இது. பேருந்து அடிக்கடி கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் யாராவது வண்டியில் வருகிறார்களா என்று பார்த்து நிற்க வேண்டும்.

நான் வந்தது கோபுரத்தைப் பார்க்க மட்டுமில்லை. தமிழ்நாட்டில் பகல் குறைவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஐரோப்பாவின் வடகோடியில்தான் அது வாழ்க்கைப் பிரச்சினை, நமக்கு என்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் மக்களுக்கு, பகலில் பத்து நிமிடம் குறைந்தாலும் அடுப்படியில் தெரியும். அதை அடுப்படியிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

"வாங்க தம்பி, உள்ள வாங்க. சாப்பிடற நேரத்துல வந்திருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றார் அந்தத் திண்ணை அம்மா. எழுபது வயதைத் தாண்டியிருப்பார். பிள்ளைகள் இருவரும் சென்னையில். இங்கே அவரும் கணவரும் மட்டும். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்க் குடம். வாயில் வெள்ளைத் துணி மடித்துக் கட்டியிருந்தது. வடிகட்டாத தண்ணீரை இந்த வீடுகளில் குடிப்பதில்லை. சுவரில் தினசரிக் காலண்டர், பக்கத்தில் கடிகாரம். அம்மா காய் நறுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்ததைவிட வாசல் பக்கம் விழுந்த வெயிலைத்தான் அதிகம் பார்த்தார். அன்றைக்கு வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"சித்திரை வைகாசியில ஆறு மணிக்குக்கூட நிதானமா உக்காந்து சாப்பிடலாம். ஐப்பசி பொறந்தா அஞ்சரை. கார்த்திகையில அஞ்சு மணிக்கு எலையை எடுத்துடணும். மழை மூடிச்சுன்னா அதுக்கும் முன்னாடி. வெயில் இல்லாத நாள்ல எப்பப் பொழுது போச்சுன்னு யாரு கண்டா?"

பொழுதோடு உண்ணும் நெறியின் கணக்கு இது: சூரியன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்பே, அதாவது 48 நிமிடத்துக்கு முன்பே, உண்டு முடித்துவிட வேண்டும். காலையிலும் உதித்து இரண்டு நாழிகை கழித்துத்தான் வாயில் எதையும் இட வேண்டும். இது கடுமையாக நிற்பவர்களின் முறை. எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. சிலர் விளக்கு வைப்பதற்குள் முடித்தால் போதும் என்பார்கள். சிலர் சோறு, குழம்பு போன்ற சமைத்த உணவை மட்டும் விலக்கிப் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள். அந்திக்குப் பிறகு தண்ணீர்கூடத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். இந்த அம்மா தண்ணீர் குடிப்பார். அவருடைய மாமியார் அதையும் குடித்ததில்லையாம்.

ஏன் இந்த நெறி என்று கேட்டதற்கு நூல் எதையும் அவர் சொல்லவில்லை. வாசல் குழல்விளக்கைக் காட்டினார். "மழை விட்ட அன்னிக்கு ராத்திரி இந்த வெளக்கைப் போட்டுப் பாருங்க. ஈசல் வந்து அப்பிக்கும். சோத்துல விழும், கொழம்புல விழும். தெரியாம தின்னாலும் உசுருதானே?"

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை நின்ற அந்தியில் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அகல் விளக்கும் காடா விளக்கும் மட்டுமே இருந்த காலத்தில், இருட்டில் உண்பது என்றால் சுடரைத் தேடி வரும் சிற்றுயிர்களோடு சேர்த்து உண்பதுதான். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டவர்கள் அதைத் தவிர்க்கக் கண்ட வழி, உணவைப் பகலுக்குள் வைத்துக்கொள்வது. இல்லறத்தார் ஏற வேண்டிய 11 படிகளைச் சமண நூல்கள் வகுக்கின்றன. அவற்றில் ஆறாவது இரவில் உண்ணாமை. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் சொல்லும் வரிசை இது. அருங்கலச்செப்பு அந்த நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது. படி என்று நூல்கள் சொன்னாலும், ஏறி முடித்த பெரியவர்களுக்கு மட்டும் உரியதாக இது நிற்கவில்லை. பால்குடி மறந்த குழந்தைவரை எல்லோருக்கும் வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

ஆண்டின் மிக முன்னதான அந்தி எப்போது வருகிறது? மார்கழியில் என்றுதான் பலரும் சொல்வார்கள். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 அன்று, மார்கழியின் முதல் வாரத்தில் வருவது உண்மைதான். ஆனால் இந்த ஊரின் அட்சரேகையில் சூரியன் மிக முன்னதாக மறைவது நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, கார்த்திகை பிறக்கும்போது. அப்போது மாலை 5 மணி 43 நிமிடம் வாக்கில் பொழுது போய்விடுகிறது. குறுகிய பகல் வரும் நாளில் அது 5.52 ஆகிவிடும். பொங்கலன்று ஆறைத் தாண்டிவிடும். காலையோ நேர்மாறு. மிகத் தாமதமான உதயம் தை நடுவில், 6.38 வாக்கில். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுக்க ஒன்றுபோல் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் உச்சிப்பொழுதே கடிகாரத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. நவம்பர் நடுவில் இங்கே உச்சி 11.57க்கு, ஜனவரி கடைசியில் 12.24க்கு. எனவே கார்த்திகை மாலையைப் பறிக்கிறது, தை காலையைப் பறிக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "மார்கழியில கொஞ்சம் மூச்சு விடலாம், கார்த்திகைதான் ஓட்டம்" என்று அவரே முன்பு சொல்லியிருந்ததைத்தான் நான் எண்களில் சொன்னேன். எந்த வானியல் புத்தகமும் படிக்காமல், இலையெடுக்கும் நேரத்தை வைத்தே அவர் கண்டிருக்கிறார். நான் இந்த ஊரில் கற்ற முதல் பாடம் இதுதான்.

அவர் கணவர் பரணிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு நாளுக்கும் நேரே அகசு என்று ஓர் எண் இருக்கிறது. பகலின் நீளம், நாழிகையில். ஒரு முழு நாளுக்கு 60 நாழிகை. ஆனியில் இங்கே பகல் சுமார் 32 நாழிகை, மார்கழியில் சுமார் இருபத்தெட்டரை. வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ராகுகாலமும் எமகண்டமும் பார்க்கிற நம் கண், அதே பக்கத்தில் பகலின் அளவு அச்சாகியிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தப் பெரியவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார். இரண்டு நாழிகையை முன்னும் பின்னும் கழித்தால் உண்ணும் பகல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மார்கழியில் அது பத்து மணி நேரத்துக்கும் குறைவு.

சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்ததால் பெரியவரோடு கோயிலுக்குப் போனேன். கோபுர வாயிலைத் தாண்டினால் மானஸ்தம்பம். நெடிய கல் தூண். செருக்கோடு வருபவர் அதை அண்ணாந்து பார்த்ததும் மனம் தணிய வேண்டும் என்பது கருத்து. உள்ளே பெரிய மண்டபம், பல காலத்துப் படிமங்கள். மயிலாப்பூரில் கடலோரம் இருந்த சமணக் கோயிலைக் கடல் கொள்ளும் என்று அஞ்சி, அங்கிருந்த நேமிநாதர் திருவுருவத்தை இங்கே கொண்டுவந்தார்கள் என்ற மரபு இந்த ஊரில் உயிரோடு இருக்கிறது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயர் வைத்தது அந்த மயிலை நேமிநாதரை நினைத்துத்தான் என்பார்கள். கோயிலில் மாலை வழிபாடும் வெளிச்சத்தை அனுசரித்தே நடக்கிறது. பூசை செய்யும் உபாத்தியாயர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் சாப்பாடு காத்திருக்கிறது.

மலைநாதர் கோயிலுக்குப் போனபோதுதான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரே பெரும் பாறை. அதன் முகத்தில் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள்: பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை. ஒன்பதாம் நூற்றாண்டு வேலை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பாகுபலி ஓராண்டு அசையாமல் நின்று தவம் செய்ததால் கொடிகள் காலைச் சுற்றி ஏறின என்பது கதை. பார்சுவநாதரைக் கமடன் கல்லெறிந்து துன்புறுத்த, நாகராசன் தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். அங்கே மேகம் மூடி வெளிச்சம் குறையக் குறைய, பெரியவர் என் கையைப் பிடித்து ஒவ்வோர் உருவத்தையும் காட்டினார். "இன்னும் பத்து நிமிஷம் போனா முகம் தெரியாது. பாக்கறதா இருந்தா இப்பவே பாத்துக்கணும்." விளக்கு போடலாமே என்று கேட்டேன். விளக்கு இருக்கிறது, ஆனால் இந்தச் சிற்பங்களை வெட்டியவர்கள் பகல் வெளிச்சத்துக்கு வெட்டினார்கள் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

செஞ்சிப் பகுதி முழுவதுமே சமணத்துக்குப் பழைய நிலம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தை ஒட்டியுள்ள திருநாதர் குன்றில் ஒரு பாறை மேல் 24 தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததைப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு சொல்கிறது. இளைய பட்டாரகர் 30 நாள் நோற்றதை இன்னொன்று. உணவைக் கட்டுக்குள் வைப்பது இந்த மண்ணில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குக் கல்லே சாட்சி.

அந்தத் தொடர்ச்சி ஒரு காலத்தில் அறுந்துபோகவும் பார்த்தது. செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் சமணர் மேல் சினம் கொண்டு பலரைக் கொன்றான், உயிருக்கு அஞ்சிய பலர் திருநீறு பூசிச் சைவரானார்கள் என்று ஒரு வழிவழிச் செய்தி உண்டு. 1478 என்று ஆண்டுகூடச் சொல்வார்கள். ஆனால் கதையில் வரும் அரசன் பெயரும் அந்த ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்ற சிற்றூரில், குளக்கரையில் தம் நெறிப்படி வழிபட்டுக்கொண்டிருந்த ஒருவர் பிடிபட்டாராம். அன்று அரசனுக்குப் பிள்ளை பிறந்ததால் உயிர் தப்பி, சிரவணபெளகொளா போய்த் துறவு பூண்டு வீரசேனாசாரியராகத் திரும்பி வந்தாராம். தாயனூர்க் காங்கேய உடையார் என்பவர் துணை நிற்க, மாறிப்போனவர்களை மீண்டும் நெறிக்குக் கொண்டுவந்தாராம். தேதியும் பெயரும் எப்படியிருந்தாலும், இந்தக் கதை எனக்கு ஒன்றைச் சொல்கிறது. மறைந்து வாழ்ந்த சமணரைக் காட்டிக் கொடுக்கக்கூடியது நெற்றிக் குறி மட்டுமில்லை. தண்ணீரை வடிகட்டும் துணியும், பொழுதோடு அணையும் அடுப்பும் காட்டிக் கொடுத்திருக்கும். அத்தகைய காலத்திலும் அடுப்பைப் பொழுதோடு அணைத்தவர்கள் இருந்ததால்தான் இன்றைக்கு இந்த அம்மா அவரைக்காய் நறுக்குகிறார்.

நாலே முக்காலுக்கு இலை போட்டார்கள். சோறு, அவரைக்காய்ப் பொரியல், பருப்புக் குழம்பு, ரசம், மோர். வெங்காயமும் பூண்டும் இல்லை. கிழங்கு வகையும் இல்லை. மூன்று பேரும் சேர்ந்தே உட்கார்ந்தோம், பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிட அம்மாவுக்கு நேரம் கிடையாது. கார்த்திகையில் இந்த வீட்டில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காருவதற்கு இது காரணமாகியிருக்கிறது. வேறு பல தமிழ் வீடுகளில் கடைசியாக ஆறிப்போனதைச் சாப்பிடும் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

மணி ஐந்துக்கு அம்மா எழுந்து பாத்திரங்களை வாசலுக்குக் கொண்டுபோனார். தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் அதே வேலை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வயலிலிருந்து வேகமாக வந்து, கை கால் கழுவி, உள்ளே போய், இருபது நிமிடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மண்வெட்டியோடு கிளம்பினார். வரப்பு ஒரு இடத்தில் மழையில் உடைந்திருக்கிறது, இருட்டுவதற்குள் அடைக்க வேண்டும். "ஆளுங்க எல்லாம் வேலையை முடிச்சுட்டுப் போய்ச் சாப்பிடுவாங்க. நாங்க சாப்பிட்டுட்டுப் போய் வேலையை முடிக்கிறோம்" என்றார். மும்முனை மின்சாரம் இரவில் வருகிற முறையில் அவர் மோட்டார் போட நள்ளிரவிலும் போக வேண்டியிருக்கும். டார்ச் விளக்கோடு போய், திரும்பி வந்து, வெறும் வயிற்றோடு படுப்பார். பசிக்காதா என்று கேட்டேன். பழகின வயிறு என்றார்.

பழகாத உடம்பும் உண்டு, பழகிய உடம்பு மாறிப்போவதும் உண்டு. அம்மாவின் கணவருக்குச் சர்க்கரை நோய். மாலை ஐந்துக்குச் சாப்பிட்டு மறுநாள் ஏழேகாலுக்குக் காலை உணவு என்றால் இடையில் பதினாலு மணி நேரத்துக்கு மேல். தை மாதத்தில் காலை இன்னும் தள்ளிப்போகும். மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு இவ்வளவு நீண்ட இடைவெளியில் இரவில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பும் நிலைவரை போகலாம். பெரியவர் மருத்துவரிடம் தம் வழக்கத்தைச் சொல்லி, மாலை மாத்திரையை ஐந்து மணிச் சாப்பாட்டோடு சேர்த்து அளவு குறைத்து வாங்கியிருக்கிறார். தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருக்கிறது. "மயக்கம் வந்தா வாயில போட்டுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உசுரக் காப்பாத்தத்தானே நெறி?" என்று அவரே சொன்னார். இந்தத் தெளிவு எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மருத்துவரிடம் தம் உணவு நேரத்தைச் சொல்லாமல் மறைக்கும் பெரியவர்களைப் பற்றியும் அந்தத் தெருவிலேயே கேள்விப்பட்டேன். சொன்னால் திட்டுவார் என்று பயம். நோயாளி எப்போது சாப்பிடுகிறார் என்பதைக் கேட்காமல் மாத்திரைச் சீட்டு எழுதுகிற வழக்கம்தான் இதில் மாற வேண்டும்.

ஐந்தே முக்காலுக்குச் சூரியன் போய்விட்டது. மேற்கே செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளின் தெற்குச் சரிவில், மேகத்துக்குப் பின்னால் மறைந்ததால் மறைந்த கணம் தெரியவில்லை. ஆனியில் இன்னும் வடக்கே தள்ளி விழும் என்று பெரியவர் கையால் இடத்தைக் காட்டினார். அம்மா மாடத்தில் விளக்கு வைத்தார். அதற்குப் பிறகு அடுப்படி கதவைச் சாத்திவிட்டார்கள்.

நீண்ட இரவை என்ன செய்கிறார்கள்? பழைய நாளில் மடத்திலும் வீடுகளிலும் யாராவது உரத்து நூல் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம். சீவக சிந்தாமணியைப் பொருள் தெரிந்து படித்தவர்கள் இந்தச் சமூகத்தில் இருந்ததால்தான், கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் சிக்கிக்கொண்ட இடங்களில் அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் அச்சேறியது. அவருக்கு உதவியவர்களில் ஒருவரான அப்பாசாமி நயினார் இந்த வட்டாரத்து வீடூர்க்காரர். மாலையில் அடுப்பு வேலை இல்லாமல் கிடைத்த நேரமும் அந்தக் கல்விக்கு உரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பாடும் பாத்திரமும் ஐந்தரைக்கே முடிந்த வீட்டில் பெண்களுக்கும் அந்த நேரம் கிடைத்தது. இன்றைக்கு அந்த நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. அம்மா தொடர் பார்த்துக்கொண்டே ஜெபமாலை உருட்டினார். எட்டரைக்குத் தெரு அடங்கிவிடும் என்றார்.

தெருவில் பூட்டிய வீடுகள் பல. திருவிழாத் தேருக்கு வருவார்கள், கோடை விடுமுறைக்கு வருவார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். அதில் வடநாட்டிலிருந்து வந்து வணிகம் செய்பவர்களும் அடங்குவர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நயினார்கள் அதில் ஒரு பகுதிதான். அவர்களிலும் ஊரில் நிலத்தோடு இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், கணினி வேலை என்று படித்துப் போய்விட்டார்கள். ஆறரை மணிக்கு அலுவலகம் விட்டு ஒன்பதுக்கு வீடு வருபவர் கார்த்திகையில் ஐந்து மணிக்கு எப்படி உண்பார்? அம்மாவின் மூத்த மகன் ஞாயிற்றுக்கிழமையிலும் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் மட்டும் காக்கிறார். இளையவர் விட்டுவிட்டார். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. "சூரியன் கூட நடக்கலாம். ஆபீஸ் கூடவும் நடக்கலாம். ரெண்டு கூடவும் ஒண்ணா நடக்க முடியலையே."

நெறியின் தரப்பில் குறை இல்லை என்பதே என் எண்ணம். சூரியன் முன்னே வந்தால் முன்னே உண், பின்னே போனால் பின்னே உண் என்று அது வளைந்து கொடுக்கிறது. வளையாமல் நிற்பது நம் வேலை நேரம்தான். ஆனி என்றாலும் கார்த்திகை என்றாலும் பத்திலிருந்து ஆறு.

சூரியனைப் பார்த்து உண்பவர்கள் சில நாடுகளில் இதைவிடக் கடுமையான நிலையில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பழைய கிறித்தவ வழிபாட்டுக் கூடம் ஒன்றைச் சமணக் கோயிலாக மாற்றி 1988-இல் திறந்தார்கள். அங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இரண்டு நாழிகை கழித்தால் மூன்று மணிக்கே கடைசி உணவு. அதே ஊரில் ஜூன் மாதம் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். நார்வேயின் திரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் தலையே காட்டாது. கோடையில் வாரக்கணக்கில் மறையவே மறையாது. அங்குள்ள முசுலிம்கள் பலர் ரமலான் நோன்புக்கு மக்காவின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சூரியனை வைத்து வகுத்த எந்த நெறியும் துருவத்துக்குப் போனால் யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மேல்சித்தாமூருக்கும் சென்னைக்கும் நடுவே அத்தகைய வானியல் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் பொழுது போகிறது. இங்கே முடிகிறது, அங்கே முடியவில்லை என்றால் காரணம் மனிதர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு மட்டுமே. அதை மாற்றலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2014 ஜனவரியில் நடுவண் அரசு சமணரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. உதவித்தொகை, கல்வி நிறுவன உரிமை என்று அதனால் பயன்கள் உண்டு. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஐந்து மணிக்குச் சோறு கிடைக்க எந்த அறிவிப்பும் தேவையில்லை. சமையல்காரரும் விடுதிக் காப்பாளரும் மனம் வைத்தால் போதும். அலுவலகத்தில் நாலே முக்காலுக்குத் தேநீர் இடைவேளை இருக்கிறதே, அதை இருபது நிமிடமாக்கினால் டிபன் பெட்டியைத் திறந்து உண்டுவிடலாம். மாலையில் நோன்பு திறப்பவர்களுக்கு ரமலானில் பல இடங்களில் நேரம் கொடுக்கிறார்கள். அது நல்ல வழக்கம், கார்த்திகையிலும் மார்கழியிலும் கேட்பவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஆறரை மணிக்கு மேல் வந்த பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண், அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை. வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வார விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" என்றுதான்.

"பஸ் ஏறறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டேன் ஆயா. நாலரைக்கு."

விடுதியில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். இரவுச் சமையல் முடிய அங்கே ஏழரை ஆகுமாம். முதல் பருவத்தில் மாலையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டே சமாளித்திருக்கிறாள், உடம்பு இளைத்துவிட்டது. பிறகு ஒரு நாள் துணிந்து சமையலறை அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மதியச் சோற்றிலும் சாம்பாரிலும் ஒரு பங்கை மூடி எடுத்து வைத்து, வகுப்பு முடிந்து நாலரைக்கு வந்ததும் சூடு பண்ணிக் கொடுக்கிறார் அந்த அக்கா. இந்தப் பருவத்தில் அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பொன்னூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். இன்னொருத்தி சமணப் பெண் இல்லை. இரவு லேட்டாகச் சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது, அதனால் வருகிறாளாம்.